வெளிநாட்டு லப்டொப்பில் லினக்ஸ் ஏற்றமுதல்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரொசசர்களை ஏற்காது. சுவிசிலோ கனடாவிலோ சொந்தக்காரர் பாவித்து முடித்து, ஊருக்கு வரும்போது கொண்டுவந்து தந்த லப்டொப்புகளில் பலதும் இந்த வயசுதான். அவற்றைத் தூக்கிப் போடத் தேவையில்லை. லினக்ஸ் மின்ட் ஏற்றினால் பிள்ளைகளின் படிப்புக்கும் கடிதம் அடிக்கவும் தாராளமாகப் போதும். 4 ஜிபி ரம் உள்ளதற்கு மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நல்லது.

செய்ய வேண்டியவை

• படங்களையும் ஆவணங்களையும் முதலில் வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். எடுத்ததை இன்னொரு கணினியில் திறந்தும் பாருங்கள்.

• மின்டின் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி, உபுண்டுவினது அதைப்போல் இரண்டு மடங்கு. இரவு டேட்டாவில் இறக்கலாம். இடையில் அறுந்து வந்த கோப்பு பாதி இன்ஸ்டோலில் காலை வாரும். செக்சம் ஒப்பிட்டபின் பென் டிரைவில் எழுதுங்கள்.

• பென் டிரைவில் இருந்தே ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் எதுவும் மாறாது. வைஃபை, சத்தம், கமெரா, டச்பேட், மூடித் திறந்தால் விழிக்கிறதா என ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை வராவிட்டால் போனைக் கேபிளால் கொழுவி யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். அந்த இணையத்திலேயே டிரைவர் மனேஜர் வேண்டியதை இறக்கிக்கொள்ளும். பழைய புரோட்கொம், ரியல்டெக் சிப் உள்ளவற்றுக்கு இது அடிக்கடி தேவைப்படும்.

• கீபோர்ட்டை வடிவாகப் பாருங்கள். சுவிஸ், ஜேர்மன் லப்டொப்பில் வையும் இசட்டும் இடம் மாறியிருக்கும்; பிரான்ஸ் லப்டொப்பில் ஏயும் கியூவும் மாறியிருக்கும், இலக்கத்துக்கும் ஷிஃப்ட் அழுத்தவேண்டும். இன்ஸ்டோலர் கேட்கும்போது சரியான லேஅவுட்டைத் தெரிந்து, அங்குள்ள பெட்டியில் பாஸ்வேர்ட்டை அடித்துப் பாருங்கள். இதைத் தாண்டிப் போனவர்தான் அடுத்தநாள் தன் பாஸ்வேர்ட்டே பிழை என்று கடைக்கு ஓடுவார்.

• பாமினி எழுத்துருக் கோப்பை மறக்காமல் எடுத்து வையுங்கள். சனசமூக நிலையக் கூட்டறிக்கை முதல் கல்யாண அழைப்பிதழ் வரை எங்களூரில் பாமினியில் அடித்த ஆவணங்கள் ஏராளம். எழுத்துரு இல்லாமல் லிப்ரே ஒஃபிஸில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். எழுத்துருக் கோப்பை இருதரம் கிளிக் செய்து நிறுவினால் தமிழ் வந்துவிடும். புதிதாக அடிப்பதையாவது யுனிகோடில் அடியுங்கள். ஐபஸ் எம்17என் பொதியில் ரெங்கநாதன் விசைப்பலகை உண்டு. பாமினி பழகிய விரல்களுக்கு அது அந்நியமாக இராது.

செய்யக்கூடாதவை

• பிட்லொக்கர் குறியாக்கம் இருக்கிறதா என்று பாராமல் செக்கியூர் பூட்டில் கைவைக்காதீர்கள். அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது லப்டொப்பைத் தந்த மருமகனின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் கிடக்கும். இங்கே காலை பத்து என்றால் ரொறன்ரோவில் நள்ளிரவு. சாவியை முன்பே வாங்கி எழுதி வையுங்கள், அல்லது குறியாக்கத்தை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

• விண்டோசும் வேண்டுமென்றால் ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்ற தெரிவைத் தொடவே கூடாது. விண்டோசுக்குள்ளேயே பார்ட்டிஷனைச் சுருக்கி இடம் விடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் டிஸ்க்கை லினக்ஸ் வாசிக்கும், அதில் எழுதாது.

• ஐப்பசி, கார்த்திகை மழைக்குள், பட்டரி செத்த லப்டொப்பில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பார்ட்டிஷன் மாறும் நேரம் கரண்ட் போனால் இரண்டு சிஸ்டமும் போகலாம்.

• இன்ஸ்டோலருக்கு டிஸ்க்கே தெரியாவிட்டால், பயோசில் உள்ள டிஸ்க் முறையை அந்தரப்பட்டு ஆர்எஸ்டியில் இருந்து ஏஎச்சிஐக்கு மாற்றாதீர்கள். முதலில் விண்டோசைச் சேஃப் மோடில் எழும்பும்படி வைத்துவிட்டு மாற்றுங்கள். நேரே மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும்.

• விண்டோசுக்குப் போகும்போது மணி ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டினால் பட்டரியைக் குறைசொல்லி மாற்றாதீர்கள். லினக்ஸ் உள்மணிக்கூட்டில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது; விண்டோஸ் அதை இலங்கை நேரமென்று எண்ணிக்கொள்கிறது. கையால் திருத்தினால் திரும்பவும் குழம்பும். உள்மணிக்கூட்டை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி லினக்ஸுக்கு ஒரு கட்டளை கொடுத்தால் சரி.