பீடிக்கு ஒரு வழி, வெற்றிலைக்கு வேறு வழி

அரியலூரில் சிமெண்டு ஆலை ஷிப்டு முடிந்து டீக்கடைக்கு வருகிற ஆணின் விரலிடுக்கில் பீடியோ சிகரெட்டோ இருக்கும். ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்குகிற அம்மாவின் மடியில் சுருக்குப்பை இருக்கும். அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளு புகையிலை. ஆஸ்பத்திரியில் “பழக்கம் ஏதாவது உண்டா?” என்று கேட்டால் அந்த ஆண் தயங்கித் தயங்கியாவது ஒப்புக்கொள்வார். இந்த அம்மா “அதெல்லாம் இல்லீங்க, வெத்தலை மட்டுந்தான்” என்பார். பல நேரம் அவரிடம் யாரும் கேட்பதே இல்லை.

2016-17இல் நாடு முழுவதும் எடுத்த புகையிலைக் கணக்கெடுப்பும் இதையே சொல்கிறது. இந்திய ஆண்களில் 19 சதவீதம் பேர் புகைக்கிறார்கள், பெண்களில் 2 சதவீதம். மெல்லுகிற, வாயில் அடக்குகிற புகையிலைக்கு வந்தால் ஆண்கள் 29.6, பெண்கள் 12.8 சதவீதம். பெண்களின் மூளைக்கு நிகோடின் போகிற பாதை இங்கே பெரும்பாலும் கன்னம்தான், நுரையீரல் இல்லை. ஆகவே விடுவதற்கு வழி தேடும்போது இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்த முடியாது.

மூளைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இழுத்த புகையிலுள்ள நிகோடின் 10, 20 விநாடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. அங்குள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, இன்பம் தருகிற டோபமைனைச் சுரக்க வைக்கிறது. நாளாக ஆக அந்த ஏற்பிகள் பெருகுகின்றன. தீனி கிடைக்காதபோது எரிச்சல், தூக்கமின்மை, கவனச் சிதறல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் கெல்லி காஸ்குரோவ் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், புகைக்கும் ஆண்களுக்குப் புகைக்காத ஆண்களைவிட இந்த ஏற்பிகள் அதிகமாக இருந்தன. புகைக்கும் பெண்களுக்கும் புகைக்காத பெண்களுக்கும் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. 2014இல் அதே குழு 8 ஆண்களையும் 8 பெண்களையும் ஸ்கேனுக்குள் படுக்கவைத்துப் புகைக்கச் சொல்லிப் பார்த்தது. டோபமைன் ஏறிய இடமும் வேகமும் இருபாலருக்கும் வேறாக இருந்தன. பதினாறே பேர்தான், அதுவும் புகைப்பவர்கள். அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். ஆனால் நடைமுறையில் மருத்துவர்கள் காண்பதோடு இது ஒத்துப்போகிறது: ஆணைப் பெரும்பாலும் நிகோடினே பிடித்து வைக்கிறது, பெண்ணுக்கு அதோடு மனச்சோர்வு, அலுப்பு, கை பழகிய வேலை, கூட இருப்பவர்கள் என்று பிடிகள் பல. போதாததற்குப் பெண்ணின் கல்லீரல் நிகோடினை வேகமாகக் கழித்துவிடும். கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் கர்ப்பமாக இருந்தாலும் இன்னும் வேகம்.

இனி வழிகள். எல்லாரும் முதலில் வாங்குவது நிகோடின் கம். 2 மில்லிகிராம் கம் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும். எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைக்கிற ஆளுக்கு அது போதாது. மருத்துவரிடம் கேட்டு 4 மில்லிகிராம் வாங்க வேண்டும். “கம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை” என்பவர்களில் பாதிப் பேர் அதை மிட்டாய்க்கடை சூயிங்கம் மாதிரி மென்றிருப்பார்கள். நாக்கில் காரம் தட்டும்வரை நிதானமாக மென்று, கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் போனதும் மறுபடி மென்று மறுபக்கம் ஒதுக்க வேண்டும். அரை மணி நேரம் இப்படி. போடுவதற்குக் கால் மணி முன்னும், வாயில் இருக்கும்போதும் டீ, காபி கூடாது, அவை வாயைப் புளிப்பாக்கிவிடும். புளிப்பான வாயில் நிகோடின் இறங்காது, அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை இருந்தால்தான் இறங்கும். வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பு செய்யும் வேலையும் அதுதான். புகையிலையோடு சுண்ணாம்பைச் சேர்த்த நம் பாட்டிமார்களுக்கு வேதியியல் தெரியாவிட்டாலும் விஷயம் தெரிந்திருக்கிறது!

பீடி, சிகரெட் பிடிக்கிற ஆணுக்கு என் முதல் பரிந்துரை இந்தக் கம்தான். டீக்கடையைக் கொஞ்ச நாள் மறந்துவிட்டு. வெற்றிலைக்காரப் பாட்டிக்கு இது சரிப்படாது. பல் ஆட்டம் கண்ட, பொய்ப்பல் வைத்த வாயில் கம் ஒட்டிக்கொண்டு வம்பு பண்ணும். அவருக்கு வாயில் அடக்கிக் கரைக்கிற நிகோடின் வில்லை பொருத்தம்.

தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை நாள் முழுக்க ஒரே அளவில் நிகோடின் தரும். நல்ல சரக்குதான். ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பட்டையை மட்டும் நம்பி விட முயன்றவர்களில் ஆண்களைவிடப் பெண்களே குறைவாக வெற்றி பெற்றிருக்கிறார்கள். பெண்களுக்கு இதை முதல் தேர்வாக நான் சொல்லமாட்டேன்.

மாத்திரைகள் இரண்டு: வரெனிக்ளின், பியூப்ரோபியான். இரண்டுக்கும் மருத்துவர் சீட்டு வேண்டும். வரெனிக்ளின், நிகோடின் ஒட்டுகிற அதே மூளை ஏற்பியில் அரைகுறையாக ஒட்டிக்கொண்டு ஏக்கத்தைத் தணிக்கும். நடுவில் ஒன்று இழுத்தாலும் ருசி தெரியாது. பட்டையோடும் பியூப்ரோபியானோடும் ஒப்பிட்டால் பெண்களுக்கு இதில்தான் பலன் கூடுதல். ஆண்களுக்கு மூன்றுக்கும் அவ்வளவு வித்தியாசமில்லை. குமட்டும், கனவு வரும். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்கினால் குமட்டல் குறையும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைப்பார்கள். பியூப்ரோபியான் வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. எதை எடுத்தாலும் 12 வாரம் என்று எழுதிக் கொடுத்தால் 12 வாரம். நாலாம் வாரத்தில் “சரியாகிவிட்டது” என்று நிறுத்துகிறவர்கள்தான் திரும்பவும் பெட்டிக்கடைக்குப் போகிறார்கள்.

கர்ப்பிணிகள் மருந்துப் பக்கமே தாமாகப் போக வேண்டாம். அவர்களுக்கு முதல் வழி ஆலோசனை. புகைத்துக்கொண்டே கருத்தடை மாத்திரையும் சாப்பிடுகிற, 35 வயது தாண்டிய பெண்ணுக்குப் பக்கவாத ஆபத்து கூடும். அவர் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் உடனே பேச வேண்டும். மாதவிலக்குச் சுழற்சியின் எந்த நாளில் விட்டால் சுலபம் என்றும் ஆய்வுகள் உண்டு. முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. அதைக் காரணம் காட்டித் தேதியைத் தள்ளாதீர்கள்.

ஆண்களுக்கும் ஓர் எச்சரிக்கை. மூச்சிரைப்புக்குத் தியோபிலின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர் பீடியை நிறுத்தினால், ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறும். சுண்ணாம்புக்கல் தூசியில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டவர்கள் இதை மருத்துவரிடம் சொல்லிவிட்டே நிறுத்த வேண்டும். மின் சிகரெட்டுக்கு மாறலாமா என்ற கேள்விக்கு இடமில்லை. 2019இல் சட்டம் போட்டு நாடு முழுக்கத் தடை செய்தாகிவிட்டது.

மருந்து எதுவானாலும் பேச்சுத் துணை சேர்ந்தால் பலன் கூடும். பெண்களுக்கு இது ஒரு படி மேலேயே தேவை, ஏனென்றால் அவர்களின் பிடிகளில் பாதி மருந்துக்கு எட்டாதவை. மத்திய அரசின் இலவச உதவி எண் 1800-11-2356. தென்னிந்திய மொழிகளுக்காகப் பெங்களூரு நிம்ஹான்ஸில் ஆட்கள் இருக்கிறார்கள், தமிழில் பேசலாம். பக்கத்தில் வேண்டுமென்றால் 2022இல் திறந்த அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர் பார்க்க வீட்டுக்கு வருகிறவரிடமும் சொல்லலாம். அப்பாவின் பீடியைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அம்மாவின் சுருக்குப்பையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவராக அதைச் சொல்லமாட்டார்.