அழுத்தக் காலுறையும் அதன் அளவும்

மருந்து யாது என்று வினவின், வேரும் தழையும் சூரணமும் குளிகையும் என்று விடை கூறுவோம். திருவள்ளுவரோ ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தனர். நோயுற்றவன், அதனைத் தீர்க்கும் மருத்துவன், அவன் கையாளும் மருந்து, அம்மருந்தை அருகிருந்து செலுத்தும் துணைவன் என்பன அவை. இந்நான்காமவனை ‘உழைச்செல்வான்’ என்பர். வகுப்பில் இக்குறளைக் கற்ற நாளில் முதல் மூன்றற்குத் தந்த மதிப்பை நான்காவதற்கு யான் தந்திலேன். பின்னர் ஒரு காலுறை அதனை எனக்கு உணர்த்திற்று. அக்காலுறையின் இயல்பையும், அதனை அளந்து பெற்று அணிவிக்கும் முறையையும் ஈண்டு ஒருவாறு கூறுவாம்.

நோயின் தோற்றம்

இருதயத்தினின்றும் புறப்படும் இரத்தம் தமனிகளின் வழியே காலை அடைதல் எளிது. சிரைகளின் வழியே திரும்பி மேலேறுதலே அரிது. நிமிர்ந்து அசையாது நிற்பான் ஒருவனுடைய கணுக்காற் சிரையில், மேலுள்ள இரத்தத் தூணின் பாரம் பாதரச அளவில் 80 முதல் 100 மில்லிமீட்டர் வரையில் அழுத்தும். இச்சுமையை மேலேற்றுவது யாது? கெண்டைக்காற் சதையே. நாம் நடக்குந்தோறும் அச்சதை சுருங்கிச் சிரைகளைப் பிழிகின்றது. இரத்தம் மேல்நோக்கிச் செல்கின்றது. சிரைகளினுள் அமைந்த வால்வு என்னும் சிறு கதவுகள் அதனைக் கீழே இறங்கவொட்டாது தடுக்கின்றன. இக்கதவுகளைப் பற்றி இத்தாலி தேசத்துப் பதுவை நகரப் பேராசிரியராகிய பப்ரீசியஸ் 1603இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரிடம் பயின்ற ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, இக்கதவுகள் ஒருவழியே திறப்பனவாதலையும் சான்றாகக் கொண்டு, இரத்தம் உடலிற் சுற்றியோடும் உண்மையை 1628இல் நிலைநாட்டினார்.

இக்கதவுகள் பழுதுபடின் இரத்தம் கீழே தேங்கும். சிரைகள் புடைத்து நெளியும். இதனையே நம்மவர் நரம்புச் சுருட்டு என்பர். நாளடைவில் கால் வீங்கும். கணுக்காலின் உட்புறத்துத் தோல் கருத்துத் தடிக்கும். பின்னர்ச் சிறு கீறலும் ஆறாப் புண்ணாய் விரியும். நெடுநேரம் நின்று தொழில் செய்வார்க்கும், பல மகப்பெற்ற மகளிர்க்கும், முதியோர்க்கும் இது மிகுதியாக வரும். என் அத்தையார் முப்பதாண்டுகள் ஆரம்பப் பாடசாலையிற் கரும்பலகையின் முன் நின்று கற்பித்தவர். அவருடைய இடக்காலில் இத்தகைய புண் ஒன்று தோன்றிப் பல திங்கள் கட்டுக் கட்டிய பின்னரே ஆறிற்று. அது மீண்டும் வாராதிருத்தற்பொருட்டு மருத்துவர் அழுத்தக் காலுறை அணியுமாறு எழுதிக் கொடுத்தார்.

காலுறையின் வரலாறும் இயல்பும்

காற்புண்ணைத் துணியால் இறுகக் கட்டும் வழக்கம் கிரேக்க மருத்துவர் காலத்தே உள்ளது. இரப்பர் நூலால் மீள்தன்மையுடைய காலுறை செய்தற்கு இங்கிலாந்தில் வில்லியம் பிரௌன் என்பார் 1848இல் உரிமைப் பட்டயம் பெற்றார். எனினும், அழுத்தம் கணுக்காலில் மிகுந்து மேலே செல்லச் செல்லப் படிப்படியாகக் குறையும்படி அமைந்த காலுறை 1950ஆம் ஆண்டை ஒட்டியே வழக்கிற்கு வந்தது. அதனை அமைத்த கான்ராட் ஜாப்ஸ்ட் ஓர் பொறியியலறிஞர். தாமே சிரை நோயால் வருந்தியவர். நீச்சற்குளத்து நீரில் நிற்குங்கால் தம் கால் நோவு தணிதலைக் கண்டு அதன் காரணத்தை ஆராய்ந்தார். நீரின் அழுத்தம் ஆழத்திற்கேற்ப மிகுமன்றோ? 13.6 சென்டிமீட்டர் ஆழமுள்ள நீர் பாதரச அளவில் 10 மில்லிமீட்டர் அழுத்தும். ஆதலின் குளத்தில் நிற்பான் காலிற் கணுக்கால் மிகவும், முழங்கால் அதனிற் குறைவாகவும் அழுத்தப்பெறும். அந்நீர் செய்த தொழிலைத் துணியாற் செய்வித்தலே அவர் கருத்து.

அழுத்தத்தை அளக்கும் வகுப்புகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரித்தானிய முறையில் முதல் வகுப்புக் கணுக்காலில் 14 முதல் 17 மில்லிமீட்டரும், இரண்டாவது 18 முதல் 24ம், மூன்றாவது 25 முதல் 35ம் ஆகும். ஜெர்மானிய முறையிலோ முதல் வகுப்பே 18 முதல் 21. இரண்டாவது 23 முதல் 32. மூன்றாவது 34 முதல் 46. ஆகவே ‘இரண்டாம் வகுப்பு’ என்று மட்டும் எழுதுதல் போதாது. எண்ணையும் எழுதுதல் வேண்டும். அறுவைக்குப் பின் படுக்கையிற் கிடப்பார்க்கு இரத்தம் உறையாதிருக்க அணிவிக்கும் வெண்ணிறக் காலுறை வேறு. நடமாடுவார்க்கு உரிய இக்காலுறை வேறு. ஒன்றற்கு மற்றொன்று பதிலாகாது.

யான் செய்த பிழை

மருத்துவசாலை எங்கள் ஊரினின்று தொலைவு. அத்தையாரை அவ்வளவு தூரம் அலைக்க வேண்டாவென்று கருதி, உதவிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு யானே கடையிற் சென்று ‘நடுத்தர அளவு’ என்று கேட்டு வாங்கினேன். அளந்தேன் அல்லேன், அவர் காலை மாலைப்போதில் கண்ணாற் பார்த்ததே என் அளவு. அவர் உயரம் குறைந்தவர். காலுறை முழங்காலைக் கடந்து நீண்டது. மிகுந்த பகுதியை அழகாகக் கீழே மடித்துவிட்டேன்.

அம்மடிப்பே பகையாயிற்று. ஓரடுக்குத் துணி ஓரளவு அழுத்தின், ஈரடுக்கு ஏறக்குறைய அதன் இருமடங்கு அழுத்தும். கீழே மிகுந்து மேலே குறைய வேண்டிய அழுத்தம் முழங்காலின் கீழே கயிறிட்டுக் கட்டினாற்போல் ஆயிற்று. பத்து நாள் கழித்து யான் ஊர் சென்றபொழுது, அவ்விடத்தில் விரல் பதியும் பள்ளமும் அதனருகே கொப்புளமும் கண்டேன், பாதமும் வீங்கியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ ஆசையாய் வாங்கித் தந்தது, ஐயா, அதனாற் பேசாதிருந்தேன்” என்றார். அச்சொல் இன்றும் என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

அளக்கும் முறை

மறுநாள் மருத்துவசாலைக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த மூத்த தாதி காலுறையைக் கையில் எடுத்துப் பார்த்து, “தம்பி, சட்டைத் துணி எடுப்பது போலவா இதை எடுத்தீர்கள்?” என்றார். பின்னர்த் தரையில் அமர்ந்து அத்தையாரின் பாதத்தைத் தம் மடிமேல் வைத்துக்கொள்ள முயன்றார். அத்தையார் நாணிக் காலை இழுத்துக்கொண்டார். பாதம் கழுவப்பெற நாணிய பேதுருவை நினைந்தேன். அன்று அத்தாதி செய்து காட்டியவற்றை முறையே எழுதுகின்றேன்.

முதலாவது, தமனிகளைச் சோதித்தல். காலுக்கு இரத்தம் நன்கு வாராதார்க்கு இக்காலுறை உதவாததோடு பெருந்தீங்கும் செய்யும். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைப் புயத்தின் அழுத்தத்தால் வகுத்து ஈவைக் காண்பர். அது 0.8க்குக் குறையின் முழு அழுத்தம் தருதல் தகாது, 0.5க்குக் குறையின் காலுறையே ஆகாது. நீரிழிவுடையாரிற் சிலர்க்குத் தமனி இறுகியிருத்தலால் ஈவு 1.3க்கு மேலும் காட்டும். அவ்வெண்ணை நம்பி ஏமாறுதல் கூடாது. யான் கடைக்குச் சென்ற நாளில் இச்சோதனையை நினைந்தேனும் அல்லேன்.

இரண்டாவது, காலம். விடியற்காலையில், படுக்கையினின்று எழுந்தவுடன் அளத்தலே தக்கது. பகலெல்லாம் நின்ற கால் மாலையிற் பருத்திருக்கும். அவ்வளவிற் செய்த காலுறை காலையில் தளர்ந்து பயன்படாது. வீக்கம் மிகுந்த காலாயின், முன்னர்க் கட்டுக் கட்டி வீக்கத்தைத் தணித்துப் பின்னரே அளத்தல் வேண்டும். எங்களை அன்று திருப்பியனுப்பியதும் இதன்பொருட்டே. கொப்புளம் ஆறிய பின் முதல் நாளே வந்து தங்கி, காலையில் அளவு கொடுத்தோம்.

மூன்றாவது, இடம். முழங்கால் வரையுள்ள காலுறைக்குப் பரட்டெலும்பின் சற்று மேலே கணுக்கால் மிகவும் ஒடுங்கிய இடத்தும், கெண்டைக்கால் மிகவும் பருத்த இடத்தும், முழங்காலின் சற்றுக் கீழும் சுற்றளவு எடுப்பர். குதிகால் முதல் முழங்காலின் கீழ் வரையில் உயரமும் எடுப்பர். தொடை வரையிற் செல்வதாயின் தொடையின் அளவுகளும் வேண்டும். நாடாவைத் தோலின்மேல் நேரே வைத்தல் வேண்டும். இறுக்குதலும் தளர்த்துதலும் கூடா. இருகாலும் தனித்தனியே அளக்கத்தக்கன. ஒன்றன் அளவு மற்றொன்றற்கு ஆகாது.

ஒடுங்கிய இடத்தைத் தேடுதற்குக் காரணம் உண்டு. ஒரே இழுவிசையுடைய துணி, ஆரம் சிறிதாயின் மிகவும், பெரிதாயின் குறைவாகவும் அழுத்தும். லாப்லாஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் பெயரால் வழங்கும் விதி இது. முன்காலெலும்பின் கூரிய விளிம்பில் அழுத்தம் மிகுதலும் இதனாலேயே. மெலிந்த காலினர்க்கு அவ்விடத்திற் பஞ்சு வைத்துக் காத்தல் உண்டு.

எழுதி வருவித்தல்

அளவுகள் கடைச்சரக்கின் அட்டவணையுள் அடங்கின் அதனையே வாங்கலாம். கணுக்கால் ஓர் எண்ணிலும் கெண்டைக்கால் வேறோர் எண்ணிலும் விழுமாயின் அவர்க்கென்றே பின்னுவித்தல் வேண்டும். யானைக்கால் முதலிய நிணநீர் வீக்கமுடையார்க்குத் தையலுடைய தட்டைப் பின்னலே பெரும்பாலும் ஏற்றது. அஃது உருமாறிய காலின் மடிப்புகளுள் இறங்கி அறுக்காது. வருவிக்கும் தாளில் எக்கால், எத்தனை மில்லிமீட்டர் அழுத்தம், எவ்வளவு நீளம், விரல் திறந்ததோ மூடியதோ, அளந்த நாளும் பொழுதும் யாவை என்பனவெல்லாம் எழுதப்பெறும். துவைத்து மாற்றுதற்கு இரண்டு இணை வேண்டும்.

அணிவிக்கும் முறை

காலையில் வீக்கம் ஏறுமுன் அணிதல் வேண்டும். நகம் களைந்து, கொலுசும் மெட்டியும் உளவேல் நீக்கி, காலை ஈரமின்றித் துடைக்க. காலுறையின் உட்புறத்தைக் குதிகால் வரையில் வெளியே திருப்பி, முதலிற் பாதத்தை நுழைத்துக் குதிகாற் பையைக் குதிகாலிற் பொருத்துக. பின்னர் எஞ்சியதைச் சிறிது சிறிதாக மேலே விரித்துச் செல்க. விளிம்பைப் பற்றி இழுத்தல் ஆகாது. இரப்பர்க் கையுறை அணிந்து உள்ளங்கையால் நீவின் சுருக்கம் நீங்கும். மேல்விளிம்பு முழங்கால் மடிப்பிற்கு இருவிரல் கீழே நிற்க வேண்டும். ஒருபோதும் மடித்தல் ஆகாது. விரல் நீலமாயினும், மரத்தாலும், நோவு மிகுந்தாலும் உடனே கழற்றி மருத்துவரிடம் காட்டுக. மருத்துவர் வேறு கூறாவிடின் இரவிற் கழற்றலாம். மெல்லிய சவுக்காரத்திற் கழுவி, முறுக்காது, நிழலில் உலர்த்துக. மீள்தன்மை நாளடைவிற் குறைதலின் ஆறு மாதத்திற்கொருமுறை புதிது வாங்கி, மீண்டும் அளத்தல் நன்று.

முடிவு

இக்காலுறை பழுதுற்ற கதவைச் செப்பனிடுவதன்று. அணிந்திருக்கும் வரையில் அதன் தொழிலைத் தான் தாங்குவது. ஆகவே இம்மருந்து ஒருநாள் உண்டு முடிவதன்று. நாள்தோறும் ஒருவர் அருகிருந்து அணிவிக்க வேண்டுவது. வயது முதிர்ந்து விரல் தளர்ந்தார்க்குத் தாமே அணிதல் இயலாது. விடுமுறையில் யான் அணிவிக்கின்றேன். கல்லூரி நாட்களில், அத்தையாரிடம் முன்னே எழுத்தறிவு பெற்று இப்பொழுது அடுத்த வீட்டில் வாழும் அம்மையார் ஒருவர் விடிந்தவுடன் வந்து அணிவித்துச் செல்கின்றார். ஓராண்டாயிற்று; புண் மீண்டும் வந்திலது.

நோயுற்றவர் இருந்தார், மருத்துவர் இருந்தார், விலை கொடுத்து வாங்கிய மருந்தும் இருந்தது. யான் அன்புடையேனாயினும் அளந்தறியேனாதலின் நான்காம் கூறு இல்லாதொழிந்தது. நண்பர்களே, நும் இல்லத்து முதியோர்க்கு இக்காலுறை வாங்க நேரின், கடைக்குச் செல்லுமுன் அவர் கால்களைத் தாதியிடம் காட்டுங்கள். அவர் அளக்கும்பொழுது அருகே அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். மறுநாட்காலை அத்தொழில் நும் கைக்கே வரும்.