டிப்பர் தொட்டியைத் தூக்கும் முன் மேலே பாருங்கள்

வீட்டு வேலைக்கு லோடு வந்ததும் டிப்பர்காரரிடம் "அண்ணே, இங்கேயே கொட்டிடுங்க" என்று கைகாட்டுகிறோம். எந்த இடத்தில் கொட்டுவது என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது ஓட்டுநர் அல்ல, வீடு கட்டுகிறவர்தான். எம்-சாண்ட் வாசலருகே விழுந்தால் சுமக்கும் கூலி மிச்சம் என்று தரையைப் பார்க்கிறோமே தவிர, தலைக்கு மேலே போகும் கம்பியைப் பார்ப்பதில்லை.

பத்துச் சக்கர டிப்பரின் தொட்டியை முழுக்கத் தூக்கினால் அதன் முன்விளிம்பு ஆறு மீட்டரைத் தொட்டுவிடும். தெருவின் குறுக்கே போகும் 11 கிலோவோல்ட் கம்பி தரையிலிருந்து குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டரில் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டுக்கும் இடையே மிஞ்சுவது ஒன்றுமில்லை. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுத் தெரு உயர்ந்திருந்தாலோ, கம்பி தொய்ந்திருந்தாலோ நிலைமை இன்னும் மோசம்.

அதனால் முதல் வேலை, லோடு சொல்வதற்கு முந்தைய நாளே இடத்தைப் பார்த்து வைப்பது. வண்டி நிற்கும் இடத்துக்கு நேர் மேலேயும் இரு பக்கமும் கம்பி இருக்கக் கூடாது. உயரழுத்தக் கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்றில்லை, மிக நெருங்கினாலே மின்சாரம் பாயும். வேறு இடமே இல்லையென்றால் தெருமுனையில் கொட்டிச் சிறு வண்டியில் அள்ளி வாருங்கள். செலவு கூடும், கூடட்டும். அதுவும் முடியாதென்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று அவர்கள் உறுதி சொன்ன பிறகு கொட்டுங்கள்.

அடுத்தது தரை. நான்கு யூனிட் எம்-சாண்ட் பதினாறு டன்னுக்குக் குறையாது. தொட்டி உயர உயர அந்த எடை முழுவதும் பின்சக்கரங்களுக்குப் போகிறது, பாரமும் மேலே ஏறுகிறது. ஒரு பக்கச் சக்கரம் கொஞ்சம் புதைந்தாலே வண்டி சாயும். சம்ப் மூடி, செப்டிக் டேங்க், புதிதாக மண் நிரப்பிய அஸ்திவாரக் குழி, வாய்க்கால் கரை இவற்றின் மேலோ ஓரத்திலோ வண்டியை ஏற்ற வேண்டாம். சம்ப் எங்கே இருக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தூக்கும்போது பின்னால் மட்டுமல்ல, பக்கவாட்டிலும் ஆள் நிற்கக் கூடாது. வண்டி சாய்ந்தால் எவ்வளவு தூரம் விழுமோ அதற்கு அப்பால் எல்லோரும் போக வேண்டும், குழந்தைகள் வீட்டுக்குள் இருக்கட்டும். சைகை காட்ட ஒரே ஒருவர், ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி, வண்டியைத் தொடாமல் நிற்க வேண்டும். பின்கதவின் கொக்கி விடுபட்டதைப் பார்த்த பிறகே தொட்டி மெதுவாக ஏற வேண்டும். ஈர மணல் மேலே ஒட்டிக்கொண்டு இறங்காவிட்டால் வண்டியை முன்னும் பின்னும் வெடுக்கென்று ஆட்டி உதிர்ப்பது வழக்கம். வண்டி கவிழ்வது அப்படித்தான். தொட்டியை இறக்கிவிட்டு மணலைத் தளர்த்துங்கள். சாயத் தொடங்கிய வண்டியிலிருந்து ஓட்டுநர் குதிக்கக் கூடாது. சீட் பெல்ட் போட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கேபினுக்குள்ளேயே இருப்பதுதான் பிழைக்கும் வழி.

இவ்வளவுக்கும் பிறகு கம்பி பட்டுவிட்டால் என்ன செய்வது? இதை ஒவ்வொரு ஓட்டுநரும் கிளீனரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கேபினில் இருப்பவர் இறங்கவே கூடாது. ரப்பர் டயர் காப்பாற்றும் என்று நம்பிக் கீழே நிற்பவர் கதவைத் தொட்டால், மின்சாரம் அவர் உடல் வழியாகத்தான் தரைக்குப் போகும். முடிந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே தொட்டியை இறக்கலாம் அல்லது வண்டியை நகர்த்தலாம். முடியாவிட்டால் எல்லோரையும் பத்து மீட்டருக்கு அப்பால் போகச் சொல்லிவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கும் 112க்கும் அழைக்க வேண்டும். மின்சாரம் போனதுபோலத் தெரிந்தாலும் நம்பக் கூடாது, துணை மின்நிலையத்திலிருந்து தானாகவே திரும்ப வரலாம். வண்டி தீப்பிடித்தால் மட்டும் வெளியேறலாம். வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துத் தள்ளிக் குதிக்க வேண்டும். பிறகு பாதங்களைத் தரையிலிருந்து எடுக்காமல் ஒட்டி ஒட்டி நகர வேண்டும். தரையில் மின்னழுத்தம் வண்டியருகே அதிகமாகவும் தள்ளிப்போகக் குறைவாகவும் இருக்கும். கால்களை அகட்டி வைத்தால் அந்த வித்தியாசம் உடம்பில் பாயும். உயரழுத்த மின்சாரம் பாய்ந்த டயர் உள்ளுக்குள் கருகி, பல மணி நேரம் கழித்தும் வெடிக்கலாம். வேடிக்கை பார்க்க நெருங்காதீர்கள்.

கொட்டி முடித்ததும் தொட்டி முழுக்க இறங்கியதைக் கண்ணால் பார்த்து, என்ஜின் விசையைத் தொட்டி தூக்கும் பம்புக்குக் கொடுக்கும் பி.டி.ஓ.வை விடுவித்த பிறகே கியர் போட வேண்டும். பி.டி.ஓ. ஓடிக்கொண்டிருந்தால் வண்டி போகப் போகத் தொட்டி ஏறிவிடலாம், கேபினில் இருப்பவருக்குத் தெரியாது. 2014 ஜூலை 31 அன்று கனடாவின் ஒன்டாரியோவில், தூக்கிய தொட்டியோடு போன லாரி பர்லிங்டன் ஸ்கைவே பாலத்தின் இரும்புச் சட்டத்தில் மோதியது. அதே ஆண்டு செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இன்னொரு லாரி நடைமேம்பாலத்தில் மோத, பாலம் நெடுஞ்சாலை மேல் விழுந்தது, ஓட்டுநர் இறந்தார்.

பட்டறையில் தூக்கிய தொட்டிக்கு அடியில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தாலோ, தெரியாமல் யாராவது லீவரைத் தொட்டாலோ, விலகுவதற்கு நேரம் கிடைக்காது. தொட்டி காலியாக இருக்க வேண்டும், வண்டியோடு வரும் இரும்பு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும், சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். மரக்கட்டையை நம்பித் தலையைக் கொடுக்காதீர்கள்.

டிப்பர் உரிமையாளர்களே, தொட்டி தூக்கியிருக்கும்போது ஒலிக்கும் பஸர் வேலை செய்கிறதா என்று இன்றே பாருங்கள், இல்லாவிட்டால் பொருத்துங்கள். கம்பிக்கு அடியில் கொட்ட மாட்டேன் என்று திரும்பி வரும் ஓட்டுநருக்கு அந்த நடைக்கான கூலியைப் பிடிக்காதீர்கள்.