குளிர்காலமும் கெண்டை மீனும்

மார்கழி, தை மாதங்களில் மலைநாட்டுக் குளங்களில் கெண்டை வளர்க்கும் சங்கத்தாருக்கு ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. ஐப்பசி வரையில் தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் கரையோரம் திரண்டு வந்த மீன்கள் திடீரென்று கண்ணிற் படாமற் போகின்றன. தூண்டிலிட்டாற் கடிப்பதில்லை. இட்ட தீனி மறுநாளும் அப்படியே கிடக்கிறது. இது கண்டு சிலர் மீன் களவு போயிற்றென்று காவற்காரனைச் சந்தேகிப்பர். சிலர் நோய் கண்டதென்று அஞ்சுவர். வேறு சிலர் பசியைத் தூண்டுவதாக எண்ணித் தீனியை இரட்டிப்பர். களவும் நோயும் எங்கேனும் நேரக்கூடியனவே. எனினும் பெரும்பாலும் காரணம் குளிர் ஒன்றே. அதனை அறியாமல் தீனியை இரட்டிப்பது சங்கத்தின் பணத்தைக் கரைத்து, குளத்து நீரையும் கெடுத்துவிடும். ஆதலின் குளிரில் கெண்டையின் நடத்தை இன்னதென்பதையும், அக்காலத்தில் அதனைப் பிடிக்கும் முறையையும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

எந்தக் கெண்டை?

நமது வாய்க்கால்களிலும் ஏரிகளிலும் துள்ளும் சிறு கெண்டை இங்குக் கருதப்படவில்லை. மீன்வளத் துறையார் சாதாக் கெண்டை என்று வழங்கும் பெரிய மீனே இப்பாடத்தின் பொருள். வாயருகே இரண்டு ஜோடி மீசைகள் கொண்டு, சேற்றைக் கிளறிப் புழு பூச்சிகளையும் விதைகளையும் தேடி உண்பது இது. இதில் ஒரு வகைக்குச் செதில்கள் சிலவே; அவை பெரியனவாய்ப் பளபளப்பதால் கண்ணாடிக் கெண்டை என்று பெயர். இவ்வினம் 1939-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. பிறகு 1957-இல் தாய்லாந்து தேசத்திலிருந்து வேறொரு வகை கட்டக்கிற்கு வந்து, சமவெளிக் குளங்களிற் பரவியது.

குளிரில் மீனுக்கு நேர்வது யாது?

மனிதருக்கும் மாட்டுக்கும் தேகத்தின் உஷ்ணம் எப்பொழுதும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். மீனுக்கு அவ்வாறில்லை, நீரின் உஷ்ணம் எவ்வளவோ, மீனின் உஷ்ணமும் அவ்வளவே. நீர் 20 முதல் 28 டிகிரி செண்டிகிரேடு வரையில் இருக்கும்பொழுது கெண்டை நன்றாக உண்டு விரைந்து வளரும். நீர் குளிரக் குளிர அதன் ஜீரண சக்தி குன்றும். 10 டிகிரிக்குக் கீழ் மிகச் சொற்பமாகவே உண்ணும். 4, 5 டிகிரியில் ஆகாரத்தை ஏறக்குறைய முற்றிலும் விட்டு, உடலிற் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டே உயிர் தாங்கும். அன்றியும் கெண்டைக்குத் தனியான இரைப்பை இல்லை. உண்டது நேரே குடலுக்குச் செல்லும். ஆகையால் வேண்டிய மட்டும் ஒரே வேளையில் உண்டு சேமித்துக்கொள்ளவும் அதனால் இயலாது.

நீரின் இயல்பு

நீர் 4 டிகிரியில் மிகக் கனமாக இருக்கும். அதற்கும் கீழே குளிர்ந்தால் இலேசாகி மேலே எழும்பும். பனிக்கட்டி மிதப்பதும் இதனாலேயே. ஆகையால் ஏரிகள் உறையும் தேசங்களில், மேலே பனிக்கட்டி மூடியிருக்க, ஆழத்தில் 4 டிகிரி நீர் தங்கியிருக்கும். கெண்டைகள் அவ்வாழத்திலே கூட்டமாக ஒடுங்கிக் கிடக்கும்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்லின்மேல் உறைபனி விழுவதுண்டாயினும், ஏரி நீர் அவ்வளவு குளிர்வதில்லை. அங்கே குளிர்ந்த நீர் அடியிலும், வெயிலிற் காய்ந்த நீர் மேலும் நிற்கும். எனவே இரவிலும் காலையிலும் ஆழத்திற் கிடக்கும் மீன், வெயில் ஏறியபின் காற்றுப் படாத மேட்டுப்பாங்கான கரைப்பக்கம் வருவதுண்டு. இவ்வேற்றுமையை உணராமல், பிற தேசத்துப் புத்தகங்களிற் கண்டபடி ஆழத்தை மட்டும் நாடுவோர் வெறுங்கையோடு திரும்ப நேரும்.

போஹீமியா நாட்டு வழக்கம்

இன்று செக் குடியரசின் பகுதியாக விளங்கும் போஹீமியாவில் கெண்டை வளர்ப்பு பல நூற்றாண்டுத் தொழில். அங்குள்ள திரெபோன் வட்டாரத்தில் யாகுப் கிர்சீன் என்பவர் 1584 முதல் 1590 வரையில் அமைத்த ரோஷம்பெர்க் குளம் இன்றும் மீன் வளர்க்கப் பயன்படுகிறது. அந்நாட்டார் கடுங்குளிர் வரும்வரை காத்திராமல், இலையுதிர் காலத்திலேயே மதகு திறந்து நீரை வடித்து மீனைப் பிடித்துவிடுகின்றனர். அப்பொழுது நீர் குளிர்ந்திருப்பதால் மீன் மந்தமாக இருக்கும். கையாளுவதும் உயிரோடு கொண்டுசெல்வதும் எளிது. பிடித்த மீனைத் தெளிந்த நீர் ஓடும் சிறு தொட்டிக்குளங்களில் தீனியின்றி வைத்து, சேற்று மணம் நீங்கியபின், கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு விற்கின்றனர். பண்டிகைக்கு முந்திய இரவு கெண்டை உண்பது அங்கே குடும்பந்தோறும் வழக்கம்.

விற்பனைக்குரிய எடை வாராத இளமீன்களை ஆழமான, நீரோட்டமுள்ள குளிர்காலக் குளங்களில் விடுகின்றனர். பனிக்கட்டியின்மேல் வெண்பனி தடிப்பாகப் படிந்தால் வெளிச்சம் உட்செல்லாது. நீர்ப்பாசிகள் பிராணவாயுவை வெளியிடா. மீன்கள் மூச்சு முட்டி இறக்கும். ஆகையால் வெண்பனியை வாரி அகற்றுவர். பனிக்கட்டியைத் தட்டி அதிரச் செய்வதில்லை. ஒடுங்கியிருக்கும் மீன் கலைந்து ஓடினால் அதன் கொழுப்பு வீணே செலவாகும்.

காஷ்மீரத்துப் படிப்பினை

நமது நாட்டிற் கடுங்குளிரில் கெண்டை பிடிப்பதைக் காஷ்மீரத்திற் காணலாம். அங்கே டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் கடுங்குளிர் காலம். அக்காலத்தில் ஸ்ரீநகரை அடுத்த அன்சார் ஏரியில் செம்படவர் படகின் ஒரு பக்கத்தையும் தம் தலையையும் கம்பளியாலும் வைக்கோலாலும் மூடி நிழல் உண்டாக்கி, அசைவின்றிக் காத்திருந்து, மீன் தென்பட்டதும் ஈட்டியால் எறிந்து பிடிப்பர். நிழலில் நீரின் உட்புறம் தெளிவாகத் தெரியும்; சப்தமின்மையால் மீன் மிரளாது.

ஆனால் அந்நாட்டிற் கெண்டையால் ஒரு தீங்கும் விளைந்தது. 1950-களில் கெண்டை அங்கே விடப்பட்டது. அந்நாட்டுக்கே உரிய மீன்கள் முட்டையிட ஓடைகளில் ஏறிச் செல்வன. கெண்டையோ ஏரிப் பாசியிலேயே முட்டையிட்டுப் பெருகுவது. நாளடைவில் ஏரிகளிற் கெண்டை மிகுந்து, சுதேச மீன்கள் அருகின. ஓடைகளின் சீர்கேடும் இதற்குத் துணையாயிற்று. எனவே மீன்வளத் துறையாரின் அனுமதியின்றி ஓடையிலோ ஆற்றிலோ கெண்டையை விடலாகாது. மழைக்காலத்தில் குளத்தின் கலிங்குக்கு வலைத் தடுப்பு இருத்தல் வேண்டும்.

தூண்டிலிடும் முறை

குளிர்காலத்தில் தூண்டிலுக்கு உகந்த நேரம் நண்பகல் முதல் பிற்பகல் மூன்று மணி வரை. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் காய்ந்தபின் வாய்ப்பு அதிகம். இரை சிறிதாயிருத்தல் வேண்டும். ஒரு மண்புழுவோ, ஊறவைத்து வேகவைத்த ஒரு மக்காச்சோள மணியோ போதும். முள்ளும் நரம்பும் அதற்கேற்பச் சிறியனவாக இருக்கவேண்டும். மீனைக் கூட்டுவதற்கென்று தீனியை வாரி இறைத்தல் வீண். சிறு பிடி போதும். குளிரில் மீன் தக்கையை இழுத்தோடாது, தக்கை சற்றே நடுங்கும். அந்நடுக்கமே கடித்ததற்கு அடையாளம். கெண்டைக்குச் செவியுணர்வு கூர்மையானதாதலால் கரையில் நடமாட்டமும் பேச்சும் கூடா.

வலையிடும் முறை

கெண்டை வலையின் அடிக்கயிறு நெருங்கும்பொழுது சேற்றிற் புதைந்துகொள்ளும். தப்ப வழியின்றேல் மேற்கயிற்றைத் தாண்டிக் குதிக்கும். ஆகையால் அடியில் ஈயக்குண்டு கனமாகவும், இழுப்பு மெதுவாகவும் இருக்கவேண்டும். உறைபனி பெய்யும் விடியற்காலையில் வலையிடலாகாது. உறையும் காற்றிற் செவுளும் கண்ணும் கெடும். வெயில் வந்தபின் தொடங்குக.

திரும்ப விடவேண்டிய சிறு மீனை ஈரக் கையால் எடுத்து உடனே நீரில் விடவேண்டும். குளிரில் காயம் எளிதில் ஆறாது. காயத்தில் பஞ்சு போன்ற பூஞ்சணம் பற்றி மீன் சாகும். செதில் பெயர்ந்த மீனை, 100 லிட்டர் நீருக்கு 2 கிலோ உப்பு கரைத்து, அதில் 5 நிமிஷம் வைத்திருந்து விடுதல் நலம்.

தீனிக் கணக்கு

ஒரு சங்கத்தின் குளத்தில் 300 கிலோ மீன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெப்பக் காலத்தில் எடைக்கு நூற்றுக்கு 2 வீதம் நாளொன்றுக்கு 6 கிலோ தீனி இடப்படுகிறது. குளிரிலும் அவ்வாறே 60 நாள் இட்டால் 360 கிலோ ஆகும். நீரின் உஷ்ணம் 15 டிகிரியளவில் இருந்து பாதியே போதுமாயின் 180 கிலோ மிச்சம். 10 டிகிரிக்குக் கீழாயின் ஏறக்குறைய முழுவதும் மிச்சம். உண்ணாத தீனி அழுகிப் பிராணவாயுவை விழுங்குவதால் வரும் நஷ்டம் இதில் சேரவில்லை. ஓர் உஷ்ணமானியை நூலிற் கட்டி, காலையும் பிற்பகலும் நீரில் முழங்கையளவு ஆழத்தில் இறக்கிப் பார்த்துக் கணக்குப் புத்தகத்திற் குறித்து வருவது காரியதரிசியின் கடமையாகக் கொள்ளத்தக்கது.

எவ்வளவு பிடிப்பது?

குளிரில் மீன்கள் ஓரிடத்திற் கூடியிருப்பதால் ஒரே இழுப்பில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடவும் கூடும். பண்டிகைக் காலத்து நல்ல விலையும் ஆசையூட்டும். ஆயினும் சமவெளியில் சாதாக் கெண்டை தை முதல் பங்குனி வரையிலும், மீண்டும் மழைக்காலத்திலும் முட்டையிடுவது. ஒரு கிலோ எடையுள்ள பெட்டை ஏறக்குறைய ஒரு லட்சம் முட்டையிடும். தாய் மீன்களை மார்கழியில் விற்றுவிட்டு, பங்குனியில் குஞ்சுக்கு வெளியாரிடம் பணம் கொடுப்பது சிக்கனமாகாது. நல்ல வளர்த்தியுள்ள சில ஆணையும் பெண்ணையும் முதலிலேயே தேர்ந்து ஒதுக்கியபின் மற்றவற்றை விற்பனைக்கு எடுத்தல் முறை. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி பிடித்தால் இவ்வொதுக்கீடு நிற்காது. சங்கமாகத் தீர்மானித்தால் நிற்கும். 1895-லும் 1897-லும் கூட்டுறவு நாணயச் சங்கங்களைப் பற்றி அறிக்கை வெளியிட்ட ஸர் பிரடரிக் நிக்கல்ஸனே, சென்னை மாகாணத்தில் 1907-இல் மீன்துறைக்கும் அடிகோலினார். கடனாயினும் குளமாயினும், பலர்க்குப் பொதுவானதைப் பலரும் கூடிக் காத்தாலன்றி அது நிலைப்பதில்லை.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்கத்தக்க வினாக்கள்

1. நமது குளத்து நீரின் உஷ்ணம் மார்கழியில் காலையிலும் பிற்பகலிலும் எவ்வளவு?
2. சென்ற குளிர்காலத்தில் இட்ட தீனியில் எவ்வளவு வீணாயிற்று?
3. இவ்வாண்டு தாய் மீனாக ஒதுக்கவேண்டியவை எத்தனை? அவற்றைத் தேர்ந்தெடுப்பவர் யார்?
4. குளத்து மீன் ஓடைக்குச் செல்லாதபடி கலிங்கில் தடுப்பு உளதா?