தோட்டா அகப்படாத ரைபிள்

உழவர்களே! 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த அரியூர், பாகூர் பக்கங்களில் பாட்டனார் காலத்து ரைபிளை உரிமத்துடன் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். அதற்கான தோட்டா கடையில் இல்லையென்றால், "ஏறக்குறைய இதுவும் அதே அளவுதானே" என்று வேறொன்றைப் போட்டுவிடாதீர்கள்.

இந்தியாவில் செய்யப்படும் 315 போர் தோட்டா 8 மில்லிமீட்டர். 1886இல் வந்த பிரெஞ்சு லெபல் ரைபிளும் 8 மில்லிமீட்டர்தான். ஆனால் தோட்டாக்களின் வடிவம் வேறு. மாற்றிப் போட்டுச் சுட்டால் துப்பாக்கி வெடித்துக் கண்ணோ கையோ போய்விடலாம்.

குழலிலும், தோட்டாவின் அடியிலும், உரிமத்திலும் உள்ள அளவு மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படித் தோட்டா கிடைக்காவிட்டால், ரைபிளை உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்துவிடுங்கள்.

பயிர்க்காவலுக்கு ரைபிள் அவசியமில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, குழல் வாயில் மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம். எதை வைத்திருந்தாலும், வனத்துறை அனுமதியின்றிக் காட்டுப்பன்றியைச் சுடுவது குற்றம்.