கார்த்திகையில் ஸ்வீட் கார்ன்: பக்கத்துக் காட்டைக் கேட்டு விதையுங்கள்

புரட்டாசிப் பட்டம் தவறி, மழை விட்டபின் உழுது போட்ட காடுகள் சேலம், நாமக்கல் பக்கம் இப்போது நிறையவே இருக்கின்றன. இனிமேல் ஸ்வீட் கார்ன் போடலாமா என்றால், மாசி முழுக்கக் கிணறு தாங்கும் என்ற நம்பிக்கை இருப்பவர்கள் போடலாம். மார்கழி பிறப்பதற்குள் விதை மண்ணுக்குள் போய்விட வேண்டும். பட்டம் தப்பியதில் நம் பகுதிக்கு ஓர் ஆதாயமும் உண்டு. அதைச் சரியாகப் பிடித்துக்கொள்வதில்தான் இந்த வெள்ளாமையின் லாபம் இருக்கிறது.

கோழிப்பண்ணைகளை நம்பி ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, நாமகிரிப்பேட்டை வட்டாரங்களில் எங்கு திரும்பினாலும் தீவன மக்காச்சோளம்தான். அதன் மகரந்தம் காற்றில் வந்து ஸ்வீட் கார்ன் கதிரின் பட்டு முடியில் விழுந்தால், அடுத்த தலைமுறை வரை காத்திருக்காமல் அந்தக் கதிரிலேயே மணி மாவாகிவிடும். முடி ஒவ்வொன்றும் ஒரு மணிக்குப் போகும் வழி. எந்த முடியில் அயல் மகரந்தம் இறங்கியதோ அந்த மணி இனிக்காது. இதைத் தவிர்க்க நானூறு மீட்டர் இடைவெளி விடச் சொல்வார்கள். இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் நானூறு மீட்டருக்கு எங்கே போவார்? தூரம் விட முடியாதவர் நாளை விடலாம்: இரண்டு பயிரும் பூக்கும் காலத்துக்கு நடுவே இரண்டு, மூன்று வாரம் இருந்தால் போதும்.

புரட்டாசியில் விதைத்த தீவன மக்காச்சோளம் கார்த்திகையிலேயே கொண்டை விட்டு ஓய்ந்துவிடும். இப்போது விதைக்கும் ஸ்வீட் கார்ன் பூப்பது தை பாதியில். ஆகவே விதை வாங்கப் போவதற்கு முன் நாலு பக்கத்துக் காட்டுக்காரர்களிடமும் விதைத்த தேதியைக் கேளுங்கள். ஐப்பசி கடைசியில் போட்டவர் யாராவது இருந்தால் நீங்கள் கார்த்திகை இருபதுக்கு மேல் விதையுங்கள். தீவன ரகம் பூக்கச் சில நாள் கூடுதலாக எடுக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பக்கத்திலேயே ஒருவர் இந்த வாரம்தான் மக்காச்சோளம் போடுகிறார் என்றால், அந்தக் காட்டில் ஸ்வீட் கார்ன் வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். மேட்டூர் அணையின் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களில் வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரைதான் தண்ணீர் வரும். எடப்பாடி, சங்ககிரி, குமாரபாளையம் பக்கம் இருப்பவர்கள் இப்போது வாய்க்கால் ஓடுவதைப் பார்த்து ஏக்கரைக் கூட்டிவிடாதீர்கள். பயிருக்குப் பசி எடுக்கும் தை மாதத்தில் வாய்க்கால் காய்ந்திருக்கும். கொண்டை விடுவதிலிருந்து மணி பால் பிடிக்கும் வரை ஒரு தண்ணீர் தவறினாலும் கதிர் பொக்கையாகிவிடும். போர் சந்தேகமாக இருந்தால் அரை ஏக்கரோடு நிறுத்துங்கள். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் 100 சதவீத மானியத்தில் கிடைக்கிறது; வேளாண் அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் இப்போதே பதிந்து வையுங்கள்.

டிசம்பர் முதல் வாரத்து வானத்தை நம்ப முடியாது. 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததும் ஏற்காட்டிலும் சேலத்திலும் மழை கொட்டித் தீர்த்தது நினைவிருக்கும். ஸ்வீட் கார்ன் விதை சுருங்கி, எடையில்லாமல் இருக்கும். உள்ளே மாவுச்சத்து குறைவு, ஆகவே முளைக்கும் வலுவும் குறைவு. ஈரம் தேங்கினால் அழுகிவிடும். மழை எச்சரிக்கை இருந்தால் மூன்று நாள் பொறுத்து விதைப்பது நல்லது. பார் பிடித்து, பாரின் பக்கவாட்டில் ஒரு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல், இரண்டடி வரிசையில் முக்கால் அடிக்கு ஒரு விதையாக ஊன்றுங்கள். ஏக்கருக்கு மூன்றரை, நாலு கிலோ பிடிக்கும். வரப்போரம் இரண்டே வரிசையாக நீட்டாதீர்கள். மகரந்தம் சரியாகச் சேர, சதுரமாக, நாலு வரிசைக்குக் குறையாமல் இருக்கட்டும். முளைக்கிற வரை மயிலுக்குக் காவல் தேவை.

நம் பகுதியில் கோழி எருவுக்குப் பஞ்சமில்லை. நன்றாக மக்கியதை மட்டும் போடுங்கள், பச்சை எரு நாற்றைக் கருக்கிவிடும். தழைச்சத்தில் கால் பங்கு அடியுரம், பாதி 25ஆம் நாள், மீதி 45ஆம் நாள். குருத்து வெளுத்தால் துத்தநாகப் பற்றாக்குறை.

பின்பட்டத்தின் பெரிய பகை படைப்புழு. 2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு அதே ஆண்டு நம் மாவட்டங்களுக்குள் நுழைந்தது, இன்னும் போகவில்லை. முற்றிய மக்காச்சோளக் காடுகளிலிருந்து வரும் அந்துப்பூச்சிகளுக்கு உங்கள் இளம் பயிர்தான் அடுத்த இடம். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுங்கள், வரப்பில் தட்டைப்பயறோ எள்ளோ விதையுங்கள், ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். முளைத்து ஒரு வாரத்திலிருந்து காலையில் குருத்தைப் பிரித்துப் பாருங்கள். இலையில் காகிதம் போல வெளுத்த சுரண்டல், குருத்துக்குள் மரத்தூள் போன்ற எச்சம், புழுவின் தலையில் தலைகீழ் ஒய் வடிவக் கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு புள்ளி இருந்தால் அதுதான். நூறு செடியில் பத்தைத் தாண்டினால் மருந்து அடிக்க வேண்டும். எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. லிட்டருக்கு 0.4 கிராம் கலந்து, சாயங்காலம் குருத்துக்குள் இறங்கும்படி அடியுங்கள். பட்டு முடி வந்தபின் ரசாயன மருந்தே வேண்டாம். அது பச்சையாகப் பறித்துச் சாப்பிடும் கதிர். தட்டும் நேரே மாட்டுக்குப் போகிறது.

மார்கழிப் பனியில் அடிச்சாம்பல் நோய் வரலாம். மெட்டலாக்சில் நேர்த்தி செய்த விதையா என்று கடையிலேயே பாருங்கள். வெளிர்க் கோடுகள் ஓடி அடியில் வெண்பூசணம் படிந்த செடியைப் பிடுங்கி அழித்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் சேலத்தார் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும், நாமக்கல்லார் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்து நிலையத்துக்கும் ஒரு செடியோடு போய்விடுங்கள்.

ஒரே நாளில் முழுக் காட்டையும் விதைக்காமல், பக்கத்துக் காட்டுக் கணக்கு இடம் கொடுத்தால், பத்து நாள் விட்டு இரண்டு தவணையாக விதையுங்கள். முடி வந்து இருபது நாள் சுமாருக்கு அது பழுப்பாகிக் காயும். மணியில் நகம் பதித்தால் பால் தெறிக்க வேண்டும். நீராகத் தெறித்தால் இரண்டு நாள் பொறுங்கள். பசையாக வந்தால் பருவம் தாண்டிவிட்டது. பறித்த நிமிடத்திலிருந்து சர்க்கரை மாவாக மாறத் தொடங்கும், சூட்டில் இன்னும் வேகமாக. அதனால் விடியலில் பறித்து, குவிக்காமல், ஈரச்சாக்கு மூடி, அன்றைக்கே உழவர் சந்தைக்கோ தலைவாசல் மார்க்கெட்டுக்கோ ஏற்காட்டு அடிவார வியாபாரிக்கோ சேர்த்துவிடுங்கள். விலையை விதைக்கும் முன்பே பேசி வையுங்கள். பச்சைத் தட்டை அன்றே அறுத்து மாட்டுக்குப் போடலாம். மாடு இல்லாதவர்கள் பால்காரரிடம் இப்போதே சொல்லி வைத்தால் அதுவும் காசு.