புளோரின் கலந்த பூச்சிமருந்துகளும் ஏரி நீரும்

பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை ஏரிகளைச் சூழ்ந்து வீடுகள் பெருகி வயல்கள் மறைந்துவிட்டன. எனினும் செங்கற்பட்டு ஜில்லாவில் ஏரிப்பாசன நெற்சாகுபடி இன்றும் நடைபெறுகிறது. மேட்டு வயலில் தெளிக்கும் மருந்து மழைநீரோடு தாழ்ந்த ஏரியைச் சேரக்கூடும். ஆகவே, தற்கால மருந்துகள் பலவற்றில் அடங்கிய புளோரினின் குணத்தை நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

புளோரின் ஒரு வாயு. 1886-ல் பிரெஞ்சு ரசாயனி ஹென்றி மொய்ஸான் இதைத் தனியே பிரித்தெடுத்தார். கரியணுவோடு இது கொள்ளும் பிணைப்பு மிக வலியது. வெயிலும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் அதை எளிதில் அறுப்பதில்லை. சொற்ப மருந்து நன்கு வேலை செய்வதற்கும், அதுவே மண்ணிலும் நீரிலும் நெடுநாள் தங்குவதற்கும் இவ்வலிமை ஒரு காரணமாகும்.

உதாரணமாக, நெல்லின் தண்டுத் துளைப்பானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் தெளிக்கப்படும் புளுபென்டியமைடு என்னும் மருந்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 7 புளோரின் அணுக்கள் உள்ளன. நீர்நிலைகளின் அடிச்சேற்றில் இது சேர்ந்து, மீனுக்கு இரையாகும் சிற்றுயிர்களைக் கெடுக்கும் என்று கண்டு, 2016-ல் அமெரிக்க அரசாங்கம் இதன் அனுமதியை ரத்து செய்தது.

புளோர்ஸ்பார் என்னும் கல்லைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கி, கொடிய ஹைட்ரோபுளோரிக் அமிலம் செய்து, அதிலிருந்து புளோரின் சரக்குகளை உண்டாக்குவதே வழக்கம். இவ்வமிலம் நம் ராஜ்யத்தில் கடலூரில் உற்பத்தியாகிறது. 2023-ல் ஆக்ஸ்போர்டு ரசாயனிகள், இக்கல்லைப் பொட்டாசியம் பாஸ்பேட் உப்போடு குண்டு ஆலையில் அரைத்து, அவ்வமிலமின்றியே புளோரின் சேர்க்கைகளைச் செய்து காட்டினர். இது மெச்சத்தக்கதே. ஆயினும் செய்முறை தூய்மையாவதால் மருந்தின் நீடிக்கும் குணம் மாறுவதில்லை. அதைக் காக்கும் பொறுப்பு தெளிப்போரையே சாரும்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

1. நடுக்குருத்துக் காய்தல் நூற்றுக்கு 10-ஐ எட்டுமுன் தண்டுத் துளைப்பானுக்கு மருந்து வேண்டாம். முட்டைப் பருவத்தில் டிரைக்கோகிரம்மா ஒட்டுண்ணி அட்டைகளைக் கட்டுக.

2. மருந்துப் புட்டியின் சீட்டில் கண்ட அளவை மிஞ்சலாகாது.

3. மழை வரும் நாளில் தெளிக்கலாகாது. தெளித்தபின் சில தினங்கள் வயல்நீரை வடிக்காமல் மடையை அடைத்து வைக்கவும்.

4. தெளிப்பானை வாய்க்காலிலோ ஏரியிலோ அலம்பக்கூடாது. புட்டியை மும்முறை அலம்பி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுக.

கடைசி விதியைக் கிராம அதிகாரிகள் மதகடியில் நேரில் கண்காணித்தால் மிக்க நலமாகும். ஒரு வயலில் புழு குறைவதற்காக ஊர் முழுவதும் மீனையும் நன்னீரையும் இழப்பது லாபமான சாகுபடியாகாது.